மின்சாரத்திற்கு ஒரு மடை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் வெண்ணிறக் குவியல்களைக் காண்பர். விழுப்புரம் மாவட்டத்தின் இவ்வுப்பளங்களில் நடப்பது வேதியியல் சார்ந்த வேலை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் மின்னணுவியலின் ஓர் அடிப்படைப் பாடமும் அதில் அடங்கியிருக்கிறது.

கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ 3 டிகிரி ஆகும். வெயிலில் நீர் வற்ற வற்ற இவ்வளவு உயர்கிறது. ஏறத்தாழ 25 டிகிரியில் சோடியம் குளோரைடு படிகமாகப் படியத் தொடங்குகிறது. 29 டிகிரியைத் தாண்டினால் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசப்பேறும். எனவே எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். தொழிலாளி மிதவைமானியை நீரில் இட்டு அளவைப் பார்க்கிறார். அது வேண்டிய அளவா என ஒப்பிடுகிறார். பிறகு மண்மடையைத் திறக்கிறார், அல்லது அடைக்கிறார். அளத்தல், ஒப்பிடல், மடையை இயக்கல் என்னும் இம்மூன்று செயல்களையே வானொலியிலிருந்து கைப்பேசி வரை எல்லாக் கருவிகளிலும் மின்வழங்கல் சுற்றுகள் செய்கின்றன. கடந்த 50 ஆண்டுகளில் இம்மூன்றில் எவை மாறின, எது மாறவில்லை என்பதை இங்குக் காண்போம்.

பாதி திறந்த மடை

மின்வழங்கல் என்றால் கருவியின் மூலையில் கிடக்கும் சிறு பகுதிதானே என்று எண்ணிவிடலாகாது. 1975 ஏப்ரல் 19ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் அறிவியல் ஆய்வுகள் சில நாள்களிலேயே நின்றுபோயின. காரணம், மின்வழங்கலில் ஏற்பட்ட கோளாறு. ஆய்வுக்கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், அதற்குரிய மின்னழுத்தம் கிடைக்காவிட்டால் பயனில்லை.

அக்காலத்தில் மின்னழுத்தத்தைச் சீராக்கப் பெரிதும் பயன்பட்டது நேரியல் சீராக்கி. 1970ஐ ஒட்டி அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் ராபர்ட் விட்லர் இதனை மூன்று கால்கள் கொண்ட ஒரே சில்லாக்கினார். பின்னர் வந்த ‘7805’ என்னும் 5 வோல்ட் சில்லை நம் ஊர்களின் ரேடியோ மெக்கானிக்குகளும் கல்லூரி ஆய்வுக்கூட மாணவர்களும் நன்கறிவர்.

இதன் வேலை, மடையைப் பாதி திறந்து வைத்து நீரின் வேகத்தைக் குறைப்பது போன்றது. உள்ளே வருவது 12 வோல்ட், வெளியே வேண்டுவது 5 வோல்ட், மின்னோட்டம் 1 ஆம்பியர் என்று கொள்வோம். உள்ளே செல்லும் திறன் 12 வாட். கருவிக்குக் கிடைப்பது 5 வாட். எஞ்சிய 7 வாட்டும் டிரான்சிஸ்டரில் வெப்பமாகிவிடும். அலுமினியத் தகட்டைப் பொருத்தி அவ்வெப்பத்தைக் காற்றில் கலப்பதைத் தவிர வேறு வழியில்லை. பயனாவது 42 விழுக்காடே. எனினும் இச்சுற்று எளியது. பழுதானால் மல்ட்டிமீட்டரைக் கொண்டு சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம்.

திறப்பதும் அடைப்பதும்

மடையைப் பாதி திறந்து வைப்பதற்குப் பதிலாக, முழுவதும் திறப்பதும் முழுவதும் அடைப்பதுமாக மாறிமாறிச் செய்தால் என்ன? முழுவதும் திறந்த மடையில் தடையில்லை. முழுவதும் அடைத்த மடையில் ஓட்டமில்லை. ஆகவே, இவ்விரு நிலைகளிலும் இழப்பு மிகக் குறைவு. விட்டுவிட்டு வரும் ஓட்டத்தைக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் ஏற்றுச் சமனாக்கிவிடும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் பெற, மொத்த நேரத்தில் 42 விழுக்காடு திறந்திருந்தால் போதும். வினாடிக்கு 1,00,000 முறை திறந்து அடைக்கும் சுற்றில், ஒவ்வொரு முறையும் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 4 பங்கு நேரமே மடை திறந்திருக்கும்.

இக்கருத்து புதிதன்று. 1930களில் மோட்டார் வண்டிகளின் வானொலிகளில், அதிரும் தகடு ஒன்று பாட்டரியின் ஓட்டத்தை இப்படித்தான் வெட்டி வெட்டி அனுப்பியது. வேகமாக இயங்கும் டிரான்சிஸ்டர்கள் வந்த பின்னரே இம்முறை சிறப்புற்றது. 1976இல் சிலிக்கான் ஜெனரல் நிறுவனத்தில் ராபர்ட் மம்மானோ, திறப்பு நேரத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று முழுவதையும் ‘1524’ என்ற ஒரே சில்லில் அடக்கினார். அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆப்பிள் 2 கணிப்பொறியில், ராட் ஹோல்ட் வடிவமைத்த இவ்வகை மின்வழங்கி இடம்பெற்றது. கணிப்பொறி சிறியதாகவும் விசிறியின்றியும் அமைய அதுவும் ஒரு காரணம்.

நம் வீடுகளிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கருகே கனத்த ஸ்டெபிலைசர் ஒன்று ‘டக் டக்’ என்று ஒலித்துக்கொண்டிருந்த காலத்தைப் பலர் நினைவிற் கொண்டிருப்பர். வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மடை திறக்கும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் மின்வழங்கிகள் பெட்டிக்குள்ளேயே வந்தபின், ஸ்டெபிலைசருக்கு அங்கு வேலையில்லாமற் போயிற்று.

மடையருகே வந்த எண்கள்

மடை திறப்பதும் அடைப்பதுமாக இயங்கினாலும், எப்போது திறப்பது என்ற முடிவு இன்னும் அனலாக் எனப்படும் தொடர்முறையிலேயே எடுக்கப்பட்டது. வெளிவரும் மின்னழுத்தத்தை ஒரு நிலையான மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பெருக்கி, அதற்கேற்பத் திறப்பு நேரம் கூட்டப்பட்டது அல்லது குறைக்கப்பட்டது. இச்சுற்றின் இயல்பை அதிலுள்ள மின்தடைகளும் மின்தேக்கிகளும் நிருணயித்தன. அவ்வியல்பை மாற்ற வேண்டுமானால், சூட்டுக்கோலை எடுத்து உறுப்புகளையே மாற்றியாக வேண்டும். வெப்பத்தாலும் வயதாலும் உறுப்புகளின் மதிப்பு மாறினால் சுற்றின் இயல்பும் மாறிவிடும்.

மாற்றத்தைக் கட்டாயமாக்கியவை கணிப்பொறிச் செயலிகளே. அவற்றின் மின்னழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து படிப்படியாக இறங்கி 1 வோல்ட்டை நெருங்கியது. மின்னோட்டமோ 100 ஆம்பியரையும் எட்டியது. 12 வோல்ட்டிலிருந்து இதனைப் பழைய நேரியல் முறையில் தருவதாயின், 100 வாட் பயனுக்காக 1,100 வாட் வீணாகும்! 1995இல் வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் புரோ, தனக்கு எத்தனை வோல்ட் தேவை என்பதை 4 கம்பிகளின் வழியே எண்ணாகவே சீராக்கிக்குத் தெரிவித்தது. மின்னாற்றலைப் பெறும் கருவி தன் தேவையை எண்ணால் கேட்கத் தொடங்கியது அங்கேதான். 2005இல் பல நிறுவனங்கள் கூடி ‘பி.எம்.பஸ்’ என்ற பொதுமொழியை வெளியிட்டன. அதன்பின், எந்த நிறுவனத்தின் மின்வழங்கியிடமும் ‘இத்தனை வோல்ட் கொடு’, ‘இப்போது எவ்வளவு சூடாயிருக்கிறாய்?’, ‘ஏன் நின்றாய்?’ என்று இரு கம்பிகளின் வழியே கட்டளையிடவும் கேட்கவும் முடிந்தது.

டிஜிட்டல் எனப்படும் எண்முறையில், மின்னழுத்தம் முதலில் எண்ணாக மாற்றப்படுகிறது. நுண்செயலி கணக்கிட்டு, மடை திறக்கும் நேரத்தை முடிவு செய்கிறது. சுற்றின் இயல்பை மாற்ற நிரலை மாற்றினால் போதும். ஆயினும் தொடர்முறை மறைந்துவிடவில்லை. எண்ணாக மாற்றவும் கணக்கிடவும் சிறிது நேரம் பிடிக்கிறது. அனலாக் சுற்றோ உடனே விடையளிக்கிறது. ஆகவே, இன்றைய கைப்பேசிச் சில்லுகள் பலவற்றில் அனலாக் சுற்று மடையருகே நிற்க, எண்முறைச் சுற்று அதனை மேற்பார்வையிடுகிறது.

வெயிலைத் தொடரும் பம்பு

இதன் பயன் கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று. குஜராத்தின் சிறிய ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியா மக்கள், நிலத்தடி உவர்நீரை இறைக்க டீசல் எந்திரங்களை நம்பியிருந்தனர். அவர்களது வருவாயில் பெரும்பங்கு டீசலுக்கே சென்றது. ‘சேவா’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பின் முயற்சியாலும் அரசு மானியத்தாலும் அங்கே சூரியப் பம்புகள் பரவின. மரக்காணத்திலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இக்கடற்கரையில் ஒரு சூரியப் பம்பு எவ்வாறு இயங்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

சூரியப் பலகை மிகுந்த திறனைத் தருவது ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் மட்டுமே. 25 டிகிரி செல்சியசில் அது 18 வோல்ட் எனக் கொள்வோம். சிலிக்கான் பலகையில், வெப்பம் 1 டிகிரி உயர்ந்தால் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும். கோடை நண்பகலில் பலகை 60 டிகிரிக்குச் சூடானால், உச்சநிலை 15.5 வோல்ட்டிற்கு இறங்கிவிடும். 18 வோல்ட்டிலேயே இயங்குமாறு நிலையாக அமைக்கப்பட்ட சுற்று, வெயில் மிகுந்த வேளையிலேயே திறனை இழக்கும்.

எண்முறைக் கட்டுப்பாட்டுக் கருவி மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, இரண்டையும் பெருக்கித் திறனைக் காண்கிறது. மின்னழுத்தத்தைச் சற்றே மாற்றி மீண்டும் பெருக்குகிறது. திறன் கூடினால் அதே திசையில் செல்கிறது, குறைந்தால் திரும்புகிறது. இருட்டில் தடவித் தடவி மேட்டின் உச்சியை அடைபவரைப் போன்றது இது. பெருக்கலும் நினைவிற் கொள்ளலும் அனலாக் சுற்றுக்குக் கடினம். எண்முறைக்கு மிக எளிது. மேகம் விரைந்து கடக்கும்போது இக்கருவியும் சிறிது தடுமாறும். என்றாலும், காலை இளவெயிலிலும் மோட்டாரை மெதுவாகவேனும் சுழற்றி, நீரிறைக்கும் நேரத்தை நீட்டித் தருகிறது.

உப்புக்காற்றின் சோதனை

கடற்கரைக் காற்று வேறொரு சோதனையை வைக்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். சுற்றுப்பலகையில் படிந்த உப்புத்தூள், கடற்கரை இரவுகளில் மின்கடத்தும் மெல்லிய படலமாகிறது.

இப்படலம் என்ன செய்யும்? பாட்டரியின் மின்னழுத்தத்தை அளக்க, 990 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்ற இரு மின்தடைகளால் அது நூறில் ஒரு பங்காக்கப்படுகிறது என்று கொள்வோம். பெரிய மின்தடையின் மேல் 10 மெகா ஓம் அளவுள்ள உப்புப் படலம் படிந்தால், நூறில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 91இல் ஒரு பங்காகிவிடும். 54 வோல்ட் உள்ள பாட்டரி 59 வோல்ட் உள்ளதாகச் செயலிக்குத் தோன்றும். 57.6 வோல்ட்டில் மின்னேற்றத்தை நிறுத்துமாறு கட்டளை பெற்ற செயலி, உடனே நிறுத்திவிடும். ஒவ்வொரு நாளும் பாட்டரி அரைவயிறாகவே இருந்து, விரைவில் கெடும். கணக்கில் பிழையில்லை, அளவில்தான் பிழை. உப்புப் படிந்த மிதவைமானி கனத்து, அமிழ்ந்து, உண்மையைவிடக் குறைந்த டிகிரியைக் காட்டுவதும் இதைப் போன்றதே. மானியைத் துடைக்க வேண்டும் என்பது உப்பளத் தொழிலாளிக்குத் தெரியும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் மின்தடையைத் துடைப்பது யார்?

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலையில்லை. 2024 நவம்பர் 30ஆம் நாள் கரைகடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. எஞ்சிய மாதங்களுக்குள் விளைந்ததே ஆண்டு வருவாய். அதில் பம்பு நின்றுபோகும் ஒவ்வொரு நாளும் இழப்பாகும். மூன்று கால் சீராக்கியை உள்ளூரிலேயே மாற்றிவிடலாம். பிசின் ஊற்றி அடைக்கப்பட்டு, நிரலும் மறைக்கப்பட்ட பெட்டியோ தொலைவிலுள்ள நிறுவனத்திற்குச் செல்ல வேண்டும். ஈரத்தைத் தடுக்கப் பிசின் பூச்சு தேவைதான். ஆனால் கோளாற்றின் காரணத்தை மறைப்பதற்குத் தேவை எதுவும் இல்லை.

எண்முறைக் கருவி தான் நின்ற நேரத்தையும் காரணத்தையும் நினைவிற் குறித்துவைக்க வல்லது. அனலாக் சுற்றால் இயலாத உதவி இது. அக்குறிப்பைப் பம்பின் உரிமையாளரும் உள்ளூர் மெக்கானிக்கும் படிக்க இயலுமாறு செய்வது பெருஞ்செலவன்று. கோளாறு எண்களின் பொருளை மூடியின் உட்புறத்தில் தமிழில் அச்சிடலாம். அளந்து பார்க்க நான்கு முனைகளை வெளியே விடலாம். 2022இல் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத்துறை, பழுதுபார்க்கும் உரிமையை ஆராய ஒரு குழுவை அமைத்தபோது, வேளாண் கருவிகளையும் அதன் வரம்பிற்குள் சேர்த்தது. உப்பளக் கருவிகளுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

பாதி திறந்து கிடந்த மடை, முழுவதும் திறப்பதாகவும் அடைப்பதாகவும் மாறியது. திறக்கும் வேளையை முடிவு செய்வது மின்தடைகளிலிருந்து எண்களுக்கு மாறியது. அளவு சரியாயிருக்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்திலும் பல்தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயிலும் கடற்கரை மாணவர்கள் நிரலெழுதக் கற்கும்போதே, மல்ட்டிமீட்டரைப் பிடித்து அளவைச் சரிபார்க்கவும் கற்க வேண்டும். அவ்விரண்டையும் அறிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தால், பழுதான பம்பு அன்றே மீண்டும் ஓடும்.