பிசான்கா

பிசான்கா என்பது உக்ரைன் நாட்டு மக்கள் வசந்த காலத்தில், உயிர்த்த ஞாயிறு பண்டிகையை ஒட்டித் தம் வீடுகளில் செய்யும் அழகூட்டப்பட்ட முட்டை ஆகும். உருக்கிய தேன்மெழுகால் முட்டை ஓட்டின் மீது கோடுகள் எழுதி, அதனை அடுத்தடுத்துப் பல சாயங்களில் தோய்த்து இது உருவாக்கப்படுகின்றது. இதன் பன்மை வடிவம் பிசான்கி என்பதாகும். இது உண்பதற்கானது அன்று. கொடுப்பதற்கும், வீட்டில் வைத்துக் காப்பதற்கும், கல்லறையில் வைப்பதற்கும் உரியது. பண்டிகை உணவுக் கூடையில் உண்பதற்காக வைக்கப்படும் ஒற்றை நிற அவித்த முட்டைக்குக் கிராஷன்கா என்று வேறு பெயர் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது பொதுவாகக் காணப்படும் பிழையாகும்.

2024 டிசம்பரில் யுனெசுக்கோ நிறுவனம், உக்ரைன், எசுத்தோனியா ஆகிய இரு நாடுகளின் முன்மொழிவின் பேரில், இக்கலையை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

பெயர்

உக்ரைனிய மொழியில் "பிசாத்தி" என்னும் வினைச்சொல்லுக்கு எழுதுதல் என்று பொருள். அதிலிருந்தே பிசான்கா என்னும் பெயர் வந்தது. ஆகவே அம்மொழியினர் பிசான்காவை "வரைவது" இல்லை, "எழுதுகின்றனர்". தூரிகையால் தீட்டப்பட்ட முட்டைக்கு மலோவன்கா என்ற தனிப்பெயர் இருப்பதால், இவ்வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு அன்று என்பது தெளிவாகும்.

தோற்றம்

பறவை முட்டையின் ஓடு எளிதில் நொறுங்குவதால் மிகப் பழைய பிசான்கிகள் எவையும் எஞ்சவில்லை. 2013 ஆம் ஆண்டில் லிவீவ் நகரில் 15 அல்லது 16 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மழைநீர்த் தொட்டி ஒன்றை அகழ்ந்தபோது, பெரிதும் சிதையாத எழுதப்பட்ட வாத்து முட்டை ஒன்று கிடைத்தது. கீவிய ருசு அரசின் காலத்தைச் சேர்ந்த, மெருகூட்டப்பட்ட சுடுமண் முட்டைகள் பல இடங்களில் கிடைத்துள்ளன. முட்டையை வசந்தத்தின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் கிறித்தவம் அங்கு வேரூன்றுவதற்கு முற்பட்டது என்றும், பின்னர் அது இயேசுவின் உயிர்த்தெழுதலோடு இணைக்கப்பட்டது என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

பண்டிகைக்கு முட்டை தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு மிக எளிய காரணம் ஒன்றும் உண்டு. உயிர்த்த ஞாயிறுக்கு முன் வரும் தவக்காலத்தில் இறைச்சி, பால், முட்டை மூன்றும் விலக்கப்பட்டவை. குளிர்காலத்தில் முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும் கோழிகளோ, பகற்பொழுது நீளத் தொடங்கும் அதே வாரங்களில் மீண்டும் இடத் தொடங்குகின்றன. உண்ணக்கூடாத காலத்தில் வீட்டில் முட்டைகள் குவிந்தால் அவற்றை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி எழத்தானே செய்யும்!

எழுதும் முறை

பிசான்காவின் அடிப்படை நெறி மெழுகுத் தடுப்பு ஆகும். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. யாவாவிலும் இலங்கையிலும் செய்யப்படும் பத்திக் துணிகளுக்கும், தஞ்சை மராட்டியர் காலத்தில் புகழ்பெற்றிருந்த கோடாலிக்கருப்பூர்ச் சேலைகளுக்கும் இதுவே நெறி. பரப்பு மட்டுமே வேறு.

எழுதுகோலின் பெயர் கிஸ்ட்கா. இது ஒரு மெல்லிய மரக்குச்சியின் முனையில் செம்பு அல்லது பித்தளைத் தகட்டாலான சிறு கூம்புப் புனல் ஒன்றைக் கம்பியால் கட்டிய கருவியாகும். புனலைச் சுடரில் காட்டிச் சூடாக்கி, தேன்மெழுகுக் கட்டியில் அழுத்தினால் மெழுகு உருகி உள்ளே ஏறும். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகுவதால் சிறு மெழுகுதிரியின் சுடரே போதும். சுடரின் புகைக்கரி கலந்து மெழுகு கறுத்துவிடும். இது குறையன்று. வெள்ளை ஓட்டின் மீது எழுதிய கோடு கண்ணுக்குத் தெரிவது இக்கருமையால்தான். நேர்கோடு எழுத வேண்டுமாயின் கையை நகர்த்தக் கூடாது. கிஸ்ட்காவை அசையாமல் பிடித்து முட்டையைச் சுழற்ற வேண்டும்.

சாயமிடுதல் எப்பொழுதும் வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடியும். வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்பது பரவலான வரிசை. முதலில் வெறும் ஓட்டின் மீது எழுதப்படும் கோடுகள் முடிவில் வெள்ளையாகத் தோன்றும். பின்னர் முட்டையை மஞ்சள் சாயத்தில் இட்டு எடுத்து உலர்த்தி, மஞ்சளாக இருக்க வேண்டிய பகுதிகள் மெழுகால் மூடப்படும். இவ்வாறே ஒவ்வொரு நிறத்துக்கும் செய்யப்படும். அதாவது எழுதுபவர் எந்த நிறத்தையும் நேரடியாகப் பூசுவதில்லை. முட்டை அப்போது எந்த நிறத்தில் இருக்கின்றதோ, அந்த நிறத்தை எங்கே காப்பாற்ற வேண்டும் என்பதையே முடிவு செய்கின்றார். பச்சையும் நீலமும் இவ்வரிசையில் பொருந்தா. ஆகையால் தேவையான இடத்தில் மட்டும் அவற்றைத் தொட்டு வைத்து, உடனே மெழுகால் மூடுவர். பின்னர் செம்மஞ்சள் சாயத்தில் தோய்த்தால், சுற்றிலும் பரவிய பச்சைக் கறை பெரிதும் மறையும்.

கடைசிச் சாயம் முடிந்த நிலையில் முட்டை கரிய மெழுகு அப்பிய உருண்டையாக, அழகற்றதாகவே காட்சியளிக்கும். பின் அதனைச் சுடரின் பக்கவாட்டில் பிடித்து, உருகும் மெழுகை மென்துணியால் துடைக்க வேண்டும். சுடருக்கு நேர் மேலே பிடித்தால் கரி படிந்துவிடும். மெழுகு நீங்க நீங்க எல்லா நிறங்களும் ஒரே நேரத்தில் வெளிப்படும். இந்த நொடிக்கு முன்னர் எழுதியவருக்கும் தம் முட்டை எப்படி இருக்கும் என்பது முழுமையாகத் தெரியாது. வெள்ளை ஓட்டில் தவறுதலாக விழுந்த ஒரு துளி மெழுகைச் சுரண்டினாலும் அவ்விடத்தில் சாயம் சரியாக ஏறாது. மீளப்பெறும் வசதி இல்லாத வேலை இது. பழகியவர்கள் அத்துளியை ஒரு விண்மீனாகவோ பூவாகவோ மாற்றிவிடுவர்.

சாயங்கள்

முற்காலத்தில் சாயங்கள் வீட்டிலேயே காய்ச்சப்பட்டன. வெங்காயத் தோலிலிருந்து பொன்னிறமும் பழுப்பும், வாதுமைக்கொட்டை வகையான வால்நட்டின் பச்சைத் தோலிலிருந்து கரும்பழுப்பும், கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பும் எடுக்கப்பட்டன. செய்முறை தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் சொல்லப்பட்ட குடும்ப இரகசியமாக இருந்தது. இன்று பெரும்பாலும் செயற்கைச் சாயப் பொடிகளே பயன்படுகின்றன. இவற்றுள் பல உண்ணத் தகுந்தவை அல்ல.

முட்டை ஓடு பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதன் வெளிப்புறத்தில் மெல்லிய புரதப் படலம் ஒன்று உள்ளது. சாயத்தில் சிறிது வினிகர் சேர்த்தால், அமிலத் தன்மையால் சாயம் இப்படலத்தில் நன்கு பற்றிக்கொள்ளும். வினிகர் மிகுந்தாலோ நெடுநேரம் ஊறினாலோ ஓடே அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகும். இந்தக் குறையையே முறையாக்கிக் கொண்ட வகையும் உண்டு. பழுப்பு முட்டையில் மெழுகால் எழுதி வினிகரில் ஊறவைத்தால், மூடப்படாத இடங்களில் பழுப்பு நிறம் கரைந்து வெண்ணிறம் தோன்றும்.

பச்சை முட்டையும் அதன் ஆபத்தும்

மரபுப்படி எழுதப்படுவது அவிக்காத, உடையாத முழு முட்டையாகும். அவித்தால் அதனுள் இருக்கும் உயிராற்றல் போய்விடும் என்பது நம்பிக்கை. முதன்முதலாக இடத் தொடங்கிய இளங்கோழியின் முட்டை சிறந்தது எனக் கருதப்பட்டது. காற்றோட்டமான இடத்தில் வைக்கப்பட்ட முழு முட்டை, ஓட்டின் நுண்துளைகள் வழியாகச் சில ஆண்டுகளில் உலர்ந்துவிடும். அதன்பின் அசைத்தால் உள்ளே இறுகிய மஞ்சள் கரு உருளும் ஓசை கேட்கும். மாறாக வெயில் படும் இடத்திலோ மூடிய பெட்டியிலோ வைத்தால் உள்ளே ஐதரசன் சல்பைடு முதலிய வளிமங்கள் சேர்ந்து முட்டை வெடிக்கக்கூடும். அந்த நாற்றத்தை ஒருமுறை நுகர்ந்தவர் மறப்பதில்லை. எனவே தற்காலத்தில் சிறு துளையிட்டு உள்ளீட்டை வெளியேற்றிய பின்னரே பலர் பாதுகாக்கின்றனர்.

வடிவங்கள்

முட்டையை நெடுக்கிலும் குறுக்கிலும் செல்லும் வட்டங்களால் பகுத்த பின்னரே உருக்கள் எழுதப்படுகின்றன. சூரியன், விண்மீன், கோதுமைக் கதிர், மான், மீன், ஊசியிலை மரம் ஆகியவை அடிக்கடி காணப்படுவன. தொடக்கமும் முடிவும் இன்றி முட்டையைச் சுற்றிவரும் அலைக்கோடு முடிவின்மையைக் குறிக்கும். "நாற்பது ஆப்புகள்" என்று பொருள்படும் சொரொக்கோகிலின் என்னும் வடிவம் குறிப்பிடத்தக்கது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று வட்டங்கள் முட்டையை 8 முக்கோணங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு முக்கோணத்தையும் அதன் முனைகளிலிருந்து மூன்று கோடுகளால் வெட்டினால் 6 கிடைக்கும். எனவே மொத்தம் 48. பெயரில் மட்டும் நாற்பது நிலைத்துவிட்டது. தவக்காலத்தின் நாற்பது நாட்களுடன் இது தொடர்புபடுத்தப்படுகின்றது.

கார்ப்பாத்திய மலைப்பகுதியில் வாழும் ஊத்சூல் மக்களின் பிசான்கிகள் மிக நுண்ணிய கோடுகளுக்கும் மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களுக்கும் பெயர்பெற்றவை. அப்பகுதியின் கோசுமாச் என்னும் ஊர் இதில் தனிச்சிறப்புடையது. லெம்கோ மக்கள் கிஸ்ட்காவுக்குப் பதிலாகக் குண்டூசியின் தலையை மெழுகில் தோய்த்து இழுத்து, கண்ணீர்த்துளி போன்ற கீற்றுகளை இடுகின்றனர்.

ஒவ்வொரு உருவுக்கும் ஒரு பொருள் கூறும் அட்டவணைகள் இன்று பல நூல்களில் உள்ளன. அவற்றை அப்படியே ஏற்பதில் எச்சரிக்கை தேவை. ஒரே உரு ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரால் அழைக்கப்பட்டது என்பதே பழைய சேகரிப்புகள் காட்டும் உண்மை.

வழக்கங்களும் நம்பிக்கைகளும்

பிசான்கா எழுதுவது பெண்களின் பணியாக இருந்தது. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில், குழந்தைகள் உறங்கிய பின்னர், இரவில் எழுதுவர். எழுதியவை குடும்பத்தாருக்கும் ஞானப்பெற்றோருக்கும் குருவுக்கும் கொடுக்கப்பட்டன. மாட்டுத் தொழுவத்திலும் தேன்கூட்டின் கீழும் வைக்கப்பட்டன. இறந்த குழந்தையின் சவப்பெட்டியில் வைக்கும் வழக்கமும் இருந்தது. இளையோருக்கு வெளிர் நிறங்களும் முதியோருக்கு அடர் நிறங்களும் உரியவை.

ஊத்சூல் கதை ஒன்றின்படி, மலைப்பாறையில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட தீய உரு ஒன்று ஆண்டுதோறும் தன் ஏவலரை அனுப்பி, எத்தனை பிசான்கிகள் எழுதப்பட்டன என்று கேட்டறியும். எண்ணிக்கை மிகுந்தால் சங்கிலி இறுகும். குறைந்தால் தளரும்.

முட்டை ஓடுகளைப் பற்றிய மற்றொரு வழக்கம் தமிழ் வாசகர்க்கு வியப்பளிக்கலாம். பண்டிகைச் சமையலில் சேரும் ஓடுகளை ஓடும் ஆற்றில் விடுவர். வெகு தொலைவில் வாழும் இரக்மான்கள் என்னும் நல்லோர்க்கு நாட்காட்டி இல்லை. ஓடுகள் மிதந்து சென்று சேரும்போதே பண்டிகை வந்ததை அவர்கள் அறிவர் என்பது கதை. ஓடுகள் போய்ச் சேரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் அவர்களுடைய பண்டிகையும் தாமதமாகவே வரும். இரக்மான் என்னும் இச்சொல், அலெக்சாந்தர் பற்றிய கதைகளின் வழியே அங்கு சென்ற "பிராமணர்" என்னும் இந்தியச் சொல்லின் திரிபாகக் கருதப்படுகின்றது.

பண்டிகைக் கூடை

உயிர்த்த ஞாயிறு விடியற்காலையில் பூத்தையல் துணியால் மூடிய கூடையைத் தேவாலயத்துக்கு எடுத்துச் சென்று மந்திரித்துக் கொண்டு வருவர். அதில் முதன்மையானது பாஸ்கா என்னும் ரொட்டி. தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் "பாஸ்கா" என்னும் சொல்லும் இதுவும் ஒரே மூலத்தின. கோதுமை மாவு, முட்டை, வெண்ணெய், பால், சர்க்கரை ஆகியவற்றை ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து பொங்கவைத்து, மேலே மாவாலேயே சடைப்பின்னலும் சிலுவையும் பறவைகளும் செய்து ஒட்டிச் சுடுவர். பாஸ்கா அடுப்பில் இருக்கும்போது வீட்டில் எவரும் உரக்கப் பேசவோ கதவை அறையவோ கூடாது. மாவு அமுங்கிவிடுமாம்.

உடன் கிராஷன்கி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, பன்றி இறைச்சி, தொத்திறைச்சி, உப்பு, காரமான குதிரைமுள்ளங்கி ஆகியவையும் இடம்பெறும். ஊத்சூல் பகுதியில் வெந்நீரில் இளக்கிய பாலாடைக்கட்டியைக் கையாலேயே பிடித்துக் குதிரை, மான், சேவல் உருவங்கள் செய்து கூடையில் வைப்பர். பல வார நோன்புக்குப் பின் முதல் உணவு இக்கூடையிலிருந்தே தொடங்கும். சிறுவர்கள் கிராஷன்கிகளை ஒன்றோடொன்று மோதி விளையாடுவர். உடையாத முட்டைக்காரர் வென்றவர்.

ஒடுக்கமும் மீட்சியும்

செர்ஹி குல்ழின்ஸ்கி என்பவர், லுப்னி நகருக்கு அருகில் கத்தெரீனா இசுக்கார்ழின்ஸ்கா நிறுவிய அருங்காட்சியகத்தின் பிசான்கிகளை விரித்துரைக்கும் நூலை 1899 இல் வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கொண்ட அச்சேகரிப்பின் வடிவங்கள் இன்று பெரும்பாலும் இந்நூலின் வழியாகவே அறியப்படுகின்றன.

சோவியத் ஆட்சியில் சமயச் சடங்காகக் கருதப்பட்டு இக்கலை ஊக்கம் இழந்தது. நடுவிலும் கிழக்கிலும் பல ஊர்களில் இது முற்றிலும் மறைந்தது. 1939 வரை போலந்தின் கீழ் இருந்த மேற்குப் பகுதியின் மலைச் சிற்றூர்களிலும், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் குடியேறியோரிடமும் எஞ்சியது. 1991 இல் நாடு விடுதலை பெற்றபின், புலம்பெயர்ந்தோர் காத்த கருவிகளும் நூல்களும் தாயகம் திரும்பின. கொலோமியா நகரில் 2000 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிசான்கா அருங்காட்சியகத்தின் நடுப்பகுதியே 13.5 மீட்டர் உயரமுள்ள முட்டை வடிவக் கட்டடமாகும். 2022 இல் உருசியாவின் முழு அளவிலான படையெடுப்பு தொடங்கிய பிறகு, பல நாடுகளில் பிசான்கா எழுதும் கூட்டங்கள் நிதி திரட்டுவதற்காக நடத்தப்பட்டன.

வெக்ரவில் முட்டை

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள வெக்ரவில் நகரில், அரச கனடியக் குதிரைப்படைக் காவல்துறையின் நூற்றாண்டு நினைவாக 1975 இல் ஒரு மாபெரும் பிசான்கா நிறுவப்பட்டது. வடிவமைத்தவர் ஊட்டா பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியலாளர் ரொனால்டு ரெசு. தட்டையான தகடுகளால் முட்டை வடிவத்தை மூடுவதற்கு ஆயத்த வழிமுறை எதுவும் இல்லாததால், அவர் கணினியைக் கொண்டு அதனை உருவாக்கினார். 2,208 சமபக்க முக்கோணங்களும் 524 விண்மீன் வடிவத் தகடுகளும் இதில் உள்ளன. முக்கோணங்கள் யாவும் ஒரே அளவின. அவற்றுக்கு இடையே உள்ள விண்மீன்களின் அளவும் இணையும் கோணமும் மட்டுமே இடத்துக்கு இடம் சற்று மாறுகின்றன. 9 மீட்டருக்கும் மேல் உயரமான இந்த அலுமினிய முட்டை காற்றடிக்கும் திசைக்கு ஏற்பத் திரும்பும்.