பின்பால்: ஏன் தோத்தோம்னு தெரியாத ஆட்டம்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல கம்ப்யூட்டரைத் தொட்டவங்க யாரும் ஸ்பேஸ் கேடட் பின்பாலைத் தொடாம விட்டிருக்க மாட்டாங்க. தர்மபுரி பக்கம் எங்க ஸ்கூல் லேபுல நெட் கிடையாது, பொழுதுபோக்கே இதுதான். இசட் ஒரு ஃபிளிப்பர், ஸ்லாஷ் ஒரு ஃபிளிப்பர், மூணு பந்து. அவ்ளோதான் ஆட்டம்னு தட்டிட்டு இருந்தோம்.

உள்ளே பார்த்தா மிஷன் இருக்கு, கேடட்ல ஆரம்பிச்சு ஃப்ளீட் அட்மிரல் வரை 9 பதவி இருக்கு! அடுத்து எதை அடிக்கணும்னு வலது ஓரத்துப் பெட்டியில எழுத்து வரும். பந்தைப் பார்க்கறதா, பெட்டியைப் படிக்கறதா?

இந்தத் தலைவலி கம்ப்யூட்டரோட வந்தது இல்லைங்க. கொஞ்சம் பின்னாடி போவோம்.

1871-ல மான்டேக் ரெட்கிரேவ் ஸ்பிரிங் வச்சு பந்தைத் தள்ளற முறைக்கு அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினார். 1931-ல காட்லீப் கம்பெனியோட பேஃபிள் பால் சக்கைப் போடு போட்டுச்சு. ஆனா ஃபிளிப்பர் கிடையாது. இழுத்து விட்டா, ஆணியில மோதி எங்கயோ விழும். திருவிழாக் கடையில விக்கிற ஆணிப்பலகை ஞாபகம் வருதா? அதேதான். 'இது சூதாட்டம்'னு 1942-ல நியூயார்க்குல தடை. மேயர் லா கார்டியா சம்மட்டி எடுத்து மெஷினை உடைச்சார்.

1947-ல ஹம்ப்டி டம்ப்டி மெஷின் 6 ஃபிளிப்பரோட வந்துச்சு. பந்து ஆடுறவன் கைக்கு வந்துடுச்சு. ஆனாலும் தடை போகல. 1976-ல ரோஜர் ஷார்ப்ங்கிறவர் நகர மன்றக் குழு முன்னாடி, 'இந்த வழியா பந்து போகும்'னு சொல்லிட்டு இழுத்து விட்டார். சொன்ன வழியிலேயே போச்சு. தடை நீங்குச்சு.

அப்புறம் சிப் வந்துச்சு, விதிகள் பெருகுச்சு. 1992-ல வந்த ஆடம்ஸ் ஃபேமிலி 20,000-க்கு மேல வித்துச்சு. இப்போ மெஷின் தலையில பெரிய எல்சிடி திரை. பந்து இடுப்பு உயரத்துல பறக்குது, விளக்கம் தலை உயரத்துல ஓடுது. நிமிர்ந்து படிச்சா பந்து காலி! நல்ல மெஷின்ல பலகைக்குள்ளேயே அம்பு விளக்கு மின்னி வழி காட்டும். கண்ணை எடுக்கவே வேணாம்.

இதைவிடக் கொடுமை, ஸ்பேஸ் கேடட்டை 64-பிட்டுக்கு மாத்தினப்போ பந்து பேய் மாதிரி எல்லாத்தையும் ஊடுருவிப் போச்சாம். வெளிக் கம்பெனி எழுதின கோடு, கமெண்ட் அனேகமா இல்லை. என்ன தப்புன்னு மைக்ரோசாஃப்ட்காரங்களுக்கே புரியல. தூக்கிட்டோம்னு 2012-ல ரேமண்ட் சென் எழுதினார். விஸ்டாவுல அது இல்லாம போன கதை இதுதான். (நம்ம ஆபீஸ் கோடும் அப்படித்தானேன்னு முணுமுணுக்கறது கேக்குது :-))

நம்ம ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கோங்க. 3 புலி, 15 ஆடு, எல்லாமே கண்ணு முன்னாடி. தோத்தவன் 'இந்த ஆட்டை நகர்த்தினதுதான் தப்பு'ன்னு கை காட்ட முடியும்.

திறமையா, அதிர்ஷ்டமாங்கிற அதே கேள்வி இங்கேயும் வந்துச்சு. தமிழகத்தோட 2022 ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துல, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு 2023-ல சென்னை உயர் நீதிமன்றம் விலக்கிடுச்சு. 2025-ல மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்துக்கும் தடைச் சட்டம் போட்டுச்சு.

என்னைக் கேட்டா, காசு போடுறவன் கேக்க வேண்டிய முதல் கேள்வி வேற: நான் ஏன் தோத்தேன்னு இந்த மெஷின் எனக்குக் காட்டுமா? ஷார்ப் கை காட்டின மாதிரி நாம கை காட்ட முடியலைன்னா, பர்ஸை உள்ளே வச்சுடுறது நல்லது.

சரி, உங்கள்ல எத்தனை பேர் ஃப்ளீட் அட்மிரல் ஆனீங்க? உண்மையைச் சொல்லணும் மக்கா!