"ஆமா, நான்தான்" என்று சொன்ன பிறகு

திருவண்ணாமலைக்கு தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் வருகிறவர்களில் தெலுங்கர், கன்னடர், இந்தி பேசும் சாதுக்கள் என்று பல மொழிக்காரர்கள் உண்டு. அதில் ஒருத்தர் மேல ஒரு பெட்டி கேஸ் போடுறாங்கன்னு வெச்சுக்குவோம். கூண்டில் ஏற்றி, "குற்றத்தை ஒத்துக்கிறியா?" என்று தமிழில் கேட்கிறார்கள். பாதி புரிந்து தலையாட்டுகிறார். "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று எழுதியாச்சு. மறுநாள் அவர், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றால்?

அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் இதற்குத் தனி விதியே இருக்கிறது. தண்டனை அறிவிக்கும் முன் நியாயமான காரணம் காட்டினால், ஒப்புதலைத் திரும்பப் பெற அனுமதி கேட்கலாம். நம்ம குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு தனிப்பிரிவு கிடையாது. உள்ளது அதற்கு நேர்மாறான ஒன்று. 1898 சட்டத்தின் 412-ஆம் பிரிவுப்படி, ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டவர் பொதுவாகத் தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பூர்வத் தன்மையையும் எதிர்த்து மட்டும்தான் மேல்முறையீடு செய்ய முடியும். "நான் குற்றமே செய்யல" என்று வாதாடும் கதவு மூடிவிடும்.

இந்தப் பூட்டைத் திறந்த வழக்குகளில் முக்கியமான ஒன்று நம் மாநிலத்தில் இருந்து போனது. அதன் வேர் மதுவிலக்கில் இருக்கிறது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1939-இல் வட ஆற்காட்டுக்கும் வந்தது. திருவண்ணாமலை அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1948-க்குள் மாகாணம் முழுக்கப் பரவியது. அந்தச் சட்டத்தின் கீழ் மஹந்த் கௌசல்ய தாஸ் என்பவர் மீது வழக்கு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பதிவு செய்து மாஜிஸ்திரேட் தண்டித்தார். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கும் அந்தத் தீர்ப்பின் சாரம் எளிமையானது. ஒப்புதலை, முடிந்தவரை அந்த ஆள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுத வேண்டும் என்று 243-ஆம் பிரிவு சொல்வது வெறும் சடங்கு இல்லை. மேல்முறையீட்டு உரிமையே அந்த வார்த்தைகளைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதனால் அவருடைய சொந்த மொழியில், தவறாகப் புரிந்துகொள்ள இடமில்லாமல் பதிவாக வேண்டும். அப்படிச் செய்யாத விசாரணை செல்லாது. அதாவது "ஒப்புக்கொண்டார்" என்று மூன்றாம் மனிதர் எழுதும் ஒற்றைச் சொல் போதாது.

இரண்டாவது வழி 1980-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் இருந்து வந்தது. கவனக்குறைவாக வண்டி ஓட்டி மரணம் ஏற்படுத்திய வழக்கில் திப்பசாமி என்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கீழ்க்கோர்ட் அபராதத்தோடு விட்டது. அரசு மேலே போக, உயர் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. லேசாக முடியும் என்று நம்ப வைத்து ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டு, பிறகு தண்டனையைக் கூட்டுவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். வழக்கு மறுபடி விசாரணைக்கே திரும்பியது.

இதை மும்பைத் தாக்குதல் வழக்கோடு ஒப்பிட்டுப் பாருங்க. 2009 ஜூலை 20 அன்று கசாப் கோர்ட்டில் எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதிபதி தஹிலியானி விசாரணையை அதோடு முடிக்கவில்லை, சாட்சிகளைத் தொடர்ந்து விசாரித்தார். டிசம்பரில் கசாப் அந்த வாக்குமூலத்தை மறுத்தபோதும் வழக்கு ஆட்டம் காணவில்லை. வேறு ஆதாரங்கள் ஏராளமாக இருந்தன.

பெரிய வழக்கில் "ஆமா" என்று சொன்னாலும் நீதிமன்றம் சந்தேகப்படுகிறது. பெட்டி கேஸில் அதே சொல்லோடு வழக்கே முடிஞ்சுடுது. வாய்தா வாய்தாவாக அலைந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். "ஃபைன் கட்டிட்டுப் போயிடு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லுவார். சில வருஷம் கழித்து போலீஸ் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான், கட்டியது வெறும் அபராதம் இல்லை, அது ஒரு குற்றத் தீர்ப்பு என்று தெரியவரும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அந்தப் பழைய வாசகம் 275-ஆம் பிரிவாகத் தொடர்கிறது: சொன்னவரின் வார்த்தைகளிலேயே பதிவு செய். ஒப்புக்கொண்ட ஒரே காரணத்துக்காகத் தண்டித்தே ஆகணும்னும் இல்லை, அது மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை. அதனால் பழைய ஒப்புதல் ஒன்றைப் பற்றி யாராவது உங்களிடம் வந்து புலம்பினால், முதலில் கோர்ட் பதிவேட்டின் நகல் வாங்கச் சொல்லுங்க. அதில் இருப்பது அவருடைய பேச்சா, குமாஸ்தாவின் பேச்சா என்று பார்க்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.