குணச் சொற்களின் குலக்கதை

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில் நான் மிகுதியாக எழுதியவை ஆய்வுக் கட்டுரைகள் அல்ல. மாணவர்களுக்கான பரிந்துரைக் கடிதங்களே. 'சின்சியர்', 'சிம்பிள்', 'ஜெனரஸ்' என்று ஆங்கிலப் பெயரடைகளை அடுக்கிக் கையொப்பமிட்டுக் கொடுப்பேன். அத்தகைய கடிதம் ஒன்றைப் படித்த நண்பர், வெளிநாட்டில் பணியாற்றுபவர், ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "ஒருவரை 'சிம்பிள்' என்று எழுதினால், எளிமையானவர் என்று மட்டுமல்ல, அறிவு மட்டானவர் என்றும் இங்கே பொருள் கொள்ள இடமுண்டு". அந்த மாணவருக்கு இடம் கிடைத்துவிட்டிருந்ததால் என் மனம் ஆறியது. ஆனால், அன்று முதல் குணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் பிறப்பை அகராதிகளில் தேடும் பழக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது.

முதலில் தேடியது 'சின்சியர்'. ரோமானியச் சிற்பிகள் சிலையின் வெடிப்புகளை மெழுகு பூசி மறைத்தனர் என்றும், மெழுகு பூசாத சிலையே 'சின்சியர்' எனப்பட்டது என்றும் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். நானே ஓர் ஆண்டு விழாவில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அது வெறும் கதை. லத்தீனில் 'சின்செரஸ்' என்றால் கலப்பற்றது, தூயது என்பதே பொருள். மெழுகுக் கதையைச் சொற்பிறப்பியல் அறிஞர்கள் ஏற்பதில்லை. நாமோ, கடுமையாக உழைப்பவரை 'சின்சியர்' என்கிறோம். ஆங்கிலேயருக்கு அது மனத்தில் உள்ளதையே பேசுபவர்.

சொற்கள் இவ்வாறு இடம் மாறுவது வியப்பன்று. 'நைஸ்' என்னும் சொல் 'அறியாதவன்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்து, முட்டாள், அற்ப விஷயத்துக்கும் அலட்டிக்கொள்பவர், நுட்பமானவர் என்றெல்லாம் மாறி, 18-ஆம் நூற்றாண்டில்தான் இனியவர் ஆனது. 'சில்லி' இதற்கு நேர்மாறு. பழைய ஆங்கிலத்தில் அது பேறுபெற்றவரைக் குறித்தது. பேறுபெற்றவர் கள்ளமற்றவரானார், கள்ளமற்றவர் இரக்கத்துக்குரியவரானார், கடைசியில் அறிவிலியானார்.

ஆனால், பொருளியல் படித்த எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றியது வேறொரு வரிசை. 'வில்லன்' என்று நாம் திரைப்படத்தில் வசைபாடும் மனிதர் யார்? லத்தீனில் 'வில்லா' என்பது பண்ணை. அப்பண்ணையோடு பிணைக்கப்பட்ட உழவரே அந்தச் சொல்லின் மூலவர். இங்கிலாந்தில் 1086-இல் எடுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' நிலக் கணக்கேட்டில் அதிக எண்ணிக்கையில் பதிவானவர்கள் இந்த 'வில்லானி'களே. நாட்டுக்குச் சோறு போட்ட பெரும்பான்மையினர், மொழியில் கொடியவர்களாகிப் போனார்கள்.

அவர்கள் மட்டுமல்லர். முரட்டுத்தனமானவரைக் குறிக்கும் 'சர்லிஷ்' என்பதன் வேரான 'செயோர்ல்', பழைய இங்கிலாந்தில் கடைநிலையிலிருந்த சுதந்திர மனிதர். பண்பற்றவரைச் சொல்லும் 'பூரிஷ்' என்பதன் வேரில் இருப்பவரும் உழவரே. 'வல்கர்' என்றால் பொதுமக்களுக்கு உரியது. 'லூட்' என்று இன்று ஆபாசத்தைக் குறிக்கும் சொல், தொடக்கத்தில் மதகுரு அல்லாத, கல்வி பெறாத சாதாரண மனிதரைக் குறித்தது. கருமியைச் சொல்லும் 'மீன்' என்பதன் மூலப்பொருள் 'பொதுவானது'. (புள்ளியியலில் சராசரியைக் குறிக்கும் 'மீன்' வேறு வேரிலிருந்து வந்தது. தமிழில் எழுதும்போது இரண்டுமே நீந்தத் தொடங்கிவிடுகின்றன.)

மறுபக்கம் பாருங்கள். 'நோபிள்' என்றால் ஊரறிந்த குடியினர். 'ஜென்டில்' என்றால் நற்குடியில் பிறந்தவர். 'லிபரல்' என்பது அடிமையல்லாத மனிதருக்குத் தகுந்தது. ஒளிவுமறைவின்றிப் பேசுவதைக் குறிக்கும் 'ஃபிராங்க்', கால் நாட்டைக் கைப்பற்றி ஆண்ட ஃபிராங்க் இனத்தாரின் பெயர்; முழுச் சுதந்திரம் அவர்களுக்கே இருந்தது. 'ஜெனரஸ்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு உயர்குலத்தவர் என்பதே பொருள். ஆங்கிலத்திலும் முதலில் அதே பொருள்தான். கொடையாளி என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. தன் கஞ்சியில் பாதியை அடுத்தவருக்கு ஊற்றிக் கொடுத்த கூலியாள், அச்சொல்லின் பழைய பொருளில் 'ஜெனரஸ்' ஆகியிருக்கவே முடியாது.

சமூகப் படிநிலையைக் குறித்த சொற்கள் நாளடைவில் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்களாவதை, சி.எஸ். லூயிஸ் 1960-இல் வெளிவந்த 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர் இலக்கியப் பேராசிரியர். எனக்குத் தோன்றும் காரணம் இன்னும் சாதாரணமானது: நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே எழுதுகோலும் இருந்தது. உழவருக்கு அகராதி எழுத ஓய்வு ஏது?

என் துறைக்குரிய சொற்களும் இதில் சிக்காமல் இல்லை. சிக்கனத்தைக் குறிக்கும் 'திரிஃப்ட்' என்பதற்கு முதற்பொருள் செழிப்பு. கஞ்சனைக் குறிக்கும் 'மைசர்' என்பதற்கு லத்தீனில் 'துயருற்றவன்' என்று பொருள். எல்லாரும் ஒரே நேரத்தில் சேமிக்கத் தொடங்கினால் நாட்டின் வருமானமே சுருங்கும் என்று 1936-இல் கெய்ன்ஸ் விளக்கியதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் இவ்விரு சொற்களும் நினைவுக்கு வரும்.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. நகரத்தோடு தொடர்புடைய 'நாகரிகம்' நமக்குப் பண்பாட்டின் பெயர். 'பட்டிக்காட்டான்' என்பதோ வசை. திருக்குறளின் கண்ணோட்டம் அதிகாரத்தில் நாகரிகம் என்ற சொல் எத்தனை உயர்ந்த இரக்கத்தைக் குறிக்கிறது என்பதை அறிந்தவர்களும், கிராமத்துப் பிள்ளை ஒருவன் சபையில் தடுமாறினால் 'நாகரிகம் தெரியாதவன்' என்றுதான் சொல்கிறோம்.

இனி, நான் சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகிறேன். 1980-களின் பிற்பகுதி. தென்னாப்பிரிக்காவின் இனஒதுக்கல் கொள்கைக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றம் 1986-இல் சட்டமியற்றிப் பொருளாதாரத் தடை விதித்திருந்தது. அதன் விளைவுகளை முதுகலை வகுப்பில் விளக்கும்போது, பாடநூலில் இருந்தபடியே தென்னாப்பிரிக்காவை 'பரையா ஸ்டேட்' என்று குறிப்பிட்டேன். உலகம் வெறுத்து ஒதுக்கிய நாடு என்பது பொருள். இரண்டு மூன்று முறை சொல்லியிருப்பேன். கடைசி வரிசையில் ஒரு மாணவர் எழுந்தார். "சார், அந்தச் சொல் எங்களுடையதுதானே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. வகுப்பு அமைதியானது. எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை.

அவர் சொன்னது சரி. பறை என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்தும், அப்பறையின் பெயரால் அழைக்கப்பட்ட மக்களிடமிருந்தும் 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சென்ற சொல் அது. யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியும் பறையையே அதன் மூலமாகக் காட்டுகிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் தெய்வம், உணவோடு பறையையும் வைத்து எண்ணுகிறது. பறைதல் என்றால் சொல்லுதல். அத்தகைய சொல், கப்பலேறிச் சென்று, உலகத்தின் வெறுப்புக்கு உரியவரைக் குறிக்கும் சொல்லாகித் திரும்பி வந்திருக்கிறது. மனிதரைப் பிறப்பால் ஒதுக்கியதற்காக ஒரு நாட்டைக் கண்டிக்கப் புகுந்த நான், பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்களின் பெயரையே அதற்கு வசையாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

அன்று மாலை என் பாடக் குறிப்பேட்டில் அச்சொல்லை அடித்துவிட்டு, 'தனிமைப்படுத்தப்பட்ட நாடு' என்று எழுதினேன். மறுநாள் வகுப்பில் காரணத்தையும் சொன்னேன். அந்த மாணவர் தலையசைத்துவிட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து அதே பாடநூலின் திருத்திய பதிப்பு வந்தது. புள்ளிவிவரங்களைப் புதுப்பித்திருந்தார்கள். அச்சொல் அதே பக்கத்தில் அப்படியே இருந்தது.