சாங்கி மரமும் ஒரு மீட்டர் டேப்பும்

இந்த வாரம் சிங்கப்பூர் போறோம், ஒரு மரத்தை வெட்டின கேஸுக்காக.

முதல்ல விதியைச் சொல்லிடுறேன். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துல மரத்தைச் சுத்தி டேப் பிடிங்க. ஒரு மீட்டரைத் தாண்டுச்சா? அனுமதி இல்லாம வெட்டக்கூடாது. என்ன வகை, எத்தனை வயசு, யார் நட்டதுன்னு கேள்வியே இல்ல. அரசு அறிவிச்ச மரப் பாதுகாப்புப் பகுதிக்கும் காலி நிலத்துக்கும்தான் இது. ஆனா அங்க நிலம் உங்க பேர்ல இருந்தாலும் விதி ஒண்ணுதான். படிச்சதும் சிரிச்சேன். நான் ஆபீஸ்ல எழுதுற ஒத்தை வரி இஃப் கண்டிஷன் மாதிரி இருந்துச்சு.

கொஞ்சம் பின்னால போவோம். 1963 ஜூன் 16 அன்னிக்கு லீ குவான் யூ ஒரு மெம்பாட் மரக்கன்னு நட்டார். 1967-ல 'தோட்ட நகரம்' திட்டம். தூங்குமூஞ்சி மரம், நம்ம வேங்கையோட சொந்தக்காரனான அங்சானா, இப்படி சீக்கிரம் நிழல் தர்ற மரங்கள் ரோட்டோரம் வந்துச்சு. அப்போ கவலையெல்லாம் நடுறதைப் பத்தித்தான். பழைய மரங்கள் நிறைய இருக்கிற பகுதிகளைக் கோடு போட்டுக் காப்பாத்தணும்னு தோணினது 1991-லதான். அதுல ஒண்ணு சாங்கி.

சாங்கிக்கு மரம் இழக்கிறது புதுசும் இல்ல. சுமார் 76 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரம் அங்க நின்னுச்சு. ஜப்பான் பீரங்கிகளுக்கு அது குறி பார்க்க உதவிடக்கூடாதுன்னு 1942 பிப்ரவரியில பிரிட்டிஷ்காரங்களே வெட்டினாங்க.

2002 நவம்பர்ல, அதே சாங்கியில ஹால்டன் ரோடு பக்கம் இன்னொரு மரம் சாய்ஞ்சது. ஹோப்பியா சங்கால், மலாய்ல செங்கால் பாசிர். வயசு 150 இருக்கும்னு மதிப்பு. சிங்கப்பூர்ல அழிஞ்சே போச்சுன்னு நினைச்சிருந்த இனம். சாங்கிங்கிற பேரே செங்கால்லேர்ந்து வந்திருக்கலாம்னும் ஒரு கருத்து உண்டு. வெட்ட வெச்சது ஒரு சொத்து நிர்வாக நிறுவனம், அனுமதி வாங்காம.

இங்கதான் அந்த மொட்டை விதி மேல எனக்கு மரியாதை வந்துச்சு. 2001-லயே பாரம்பரிய மரங்கள் திட்டம் ஆரம்பிச்சாச்சு. ஆனா பட்டியல்னா, யாராவது ஒருத்தர் அந்த மரத்தைப் பார்த்து, அதோட அருமை தெரிஞ்சு, எழுதி வைக்கணும். டேப்புக்கு தாவரவியல் தெரிய வேண்டாம். பாதுகாப்புப் பகுதியா, ஒரு மீட்டருக்கு மேலயா, அனுமதி இல்லையா? குற்றம். நிறுவனத்துக்கு அபராதம் 8,000 டாலர். மரத்துக்கு இழப்பீடு தனியா, 76,035 டாலர். அபராதத்தைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல! என்னைக் கேட்டா, அந்த ரெண்டாவது தொகைதான் கேஸோட முக்கியமான வரி. மரம் என்னவோ திரும்பி வரல.

2005 சட்டத்துல அபராத வரம்பு 50,000 டாலர் வரை போச்சு. ஒரு மீட்டர் அப்படியே இருக்கு. இன்னிக்கு அங்க 95 சென்டிமீட்டர்ல ஒரு இளம் செங்கால் நின்னா, இந்த வரி அதைக் கண்டுக்காது. அது உறுத்துது. ஆனா அளவைக் குறைச்சா, கொல்லையில நிக்கிற ஒவ்வொரு மாமரத்துக்கும் மனு போடணும். அதை எந்த ஊர்க்காரங்களும் ஒழுங்கா செய்வாங்கன்னு எனக்குத் தோணல.