தர்மாஸ்பத்திரி: ஒரு கஞ்சித் தொட்டியும் பெங்களூரும்

அல்சூரில் என் பாட்டி பௌரிங் மருத்துவமனையை ஒருநாளும் அந்தப் பெயரால் சொன்னதில்லை. அவருக்கு அது தர்மாஸ்பத்திரி. தெரிந்தவர் யாராவது அங்கே படுத்திருந்தால், தூக்குச் சட்டியில் கஞ்சியும் அதன் மேல்மூடியில் நார்த்தங்காய் ஊறுகாயுமாக விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். பௌரிங் தொடக்கம் முதலே அரசாங்கம் நடத்திய மருத்துவமனை. எந்தத் தர்மவானும் அதை நடத்தவில்லை. ஆனாலும் அரசு மருத்துவமனைக்குத் தமிழில் தர்மாஸ்பத்திரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தச் சொல்லும் அந்தக் கஞ்சியும் எங்கே ஒன்றுசேர்ந்தன என்று தேடிப் போனால், தடம் பெங்களூரில் தொடங்கிச் சென்னைக்குப் போய், மறுபடியும் பெங்களூருக்கே வந்து சேர்கிறது.

1780-ஆம் ஆண்டுக் கோடையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி தம் படையைப் பெங்களூரில் திரட்டினார். ஜூலையில் அது செங்கம் கணவாய் வழியாக ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியபோது 80,000 பேருக்கு மேல் இருந்ததாக அக்காலக் கணக்குகள் சொல்கின்றன. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியின் கர்னல் பெய்லி தலைமையிலான படை அழிந்தது. வரலாற்று நூல்கள் அந்தப் போரை விரிவாகப் பேசுகின்றன. சீமையின் குடிகளைக் கொன்றது அதற்குப் பிறகு வந்த பட்டினி. சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் எரிந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, விதைப்புக் காலத்தில் வயலில் ஆளில்லை. குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக, சென்னைக் கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்குள் வந்து விழுந்தார்கள். கடல்வழியாக வரவேண்டிய வங்காள அரிசியையும் பிரெஞ்சுக் கப்பற்படை அச்சுறுத்தியது. 1782 அக்டோபரில் அடித்த புயலில், சென்னைக் கரையோரம் அரிசியோடு நின்ற மரக்கலங்கள் நொறுங்கின.

அந்த 1782-இல்தான் கறுப்பர் நகரத்தின் வடக்கு மதிலுக்கு வெளியே கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று அமைந்தது. அதைக் கவனித்துக்கொண்ட ஊர் மணியக்காரர் பெயரால் அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் மணியக்காரர் ‘மனேகர்’ ஆனார். ஊர் மக்கள் வைத்த பெயர் இன்னும் நேரானது: கஞ்சித் தொட்டி.

பஞ்ச காலத்தில் கஞ்சிக்கு வரிசையில் நிற்பவர்கள் யார் என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பட்டினியால் நேரே சாகிறவர்களைவிட, பட்டினியால் வலுவிழந்து வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் சாகிறவர்களே பெரும்பாலான பஞ்சங்களில் அதிகம். நாளெல்லாம் நடந்து வந்தவரின் காலில் புண் இருக்கும், மடியிலிருக்கும் பிள்ளைக்குப் பேதி இருக்கும். கஞ்சி ஊற்றுகிறவர் எதிரே வந்து நின்றவர் பசித்தவரும் நோயாளியுமான ஒரே ஆள். சத்திரத்தை ஒட்டி மருத்துவமனை ஒன்று முளைத்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சென்னையில் அப்போது மருத்துவமனை இல்லாமல் இல்லை. 1664-இலேயே கோட்டைக்குள் ஒன்று தொடங்கி, 1772-இல் இன்றைய பொது மருத்துவமனை நிற்கும் இடத்துக்கு வந்திருந்தது. ஆனால் அது கும்பெனியின் சிப்பாய்களுக்கும் ஊழியர்களுக்கும் உரியது. இந்திய நோயாளிகளுக்கு அதன் கதவு 1842-இல்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊர் ஏழைக்குக் காய்ச்சல் வந்தால் போக இடம் எது? 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற உதவி அறுவை மருத்துவர் இந்தியர்களுக்கென்று ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அதுவும் மணியக்காரர் சத்திரமும் ஒன்றாக இணைந்தன. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயர் அப்படிப் பிறந்தது. ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் மூத்தவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அதே பதினெட்டாம் நூற்றாண்டில் ஏழை நோயாளிகளுக்கான மருத்துவமனைகள் அடுத்தடுத்து எழுந்த இன்னொரு நகரம் அயர்லாந்தின் டப்ளின். 1718-இல் ஆறு அறுவை மருத்துவர்கள் குக் தெருவில் ஒரு சிறு வீட்டில் நான்கு படுக்கைகளோடு தர்ம மருத்துவமனை ஒன்றை ஆரம்பித்தார்கள். மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் இறக்கும்போது எழுதிவைத்த சொத்திலிருந்து, அவருடைய சகோதரி கிரிசெல் பாடுபட்டு எழுப்பிய மருத்துவமனை 1733-இல் திறந்தது. மறு ஆண்டு மேரி மெர்சர் கொடுத்த கல்வீடு இன்னொன்றாயிற்று. 1742 ஏப்ரல் 13 அன்று இசையமைப்பாளர் ஹாண்டெலின் ‘மெசையா’ டப்ளினில் முதன்முதலாக அரங்கேறியபோது, வசூலில் ஒரு பங்கு கடனுக்காகச் சிறைப்பட்டவர்களை மீட்கவும், மற்றப் பங்குகள் மெர்சர் மருத்துவமனைக்கும் குக் தெருவில் பிறந்த அந்தத் தர்ம மருத்துவமனைக்கும் போயின.

உயில், சந்தா, கச்சேரி, மருத்துவர்களின் சொந்த உழைப்பு: டப்ளினின் மூலதனம் இவை. அத்தகைய சந்தா மருத்துவமனைகளில் பொதுவாகச் சந்தாதாரர் ஒருவரின் பரிந்துரைச் சீட்டு இருந்தால்தான் படுக்கை கிடைக்கும். தீராத நோய்க்காரரைச் சேர்க்க யோசிப்பார்கள். கஞ்சித் தொட்டி அப்படிப் பொறுக்கி எடுக்க முடியாத இடம். பசி யாரிடமும் சீட்டு வாங்கிக்கொண்டு வருவதில்லை. எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு இதுதான். டப்ளினில் மருத்துவர்கள் நோயாளியைத் தேடிப் போனார்கள். சென்னையில் பசித்தவர்கள் வந்து குவிந்த இடத்தை மருத்துவம் தேடி வந்தது. இரு நகரங்களையும் இணைக்கும் ஒரு மனிதரும் உண்டு. டப்ளினில் பிறந்த எட்மண்ட் பர்க், 1785 பிப்ரவரியில் ஆர்க்காட்டு நவாபின் கடன்கள் பற்றி இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் பேசியபோது, ஹைதரின் படையெடுப்பையும் சென்னைத் தெருக்களில் விழுந்து கிடந்த பிணங்களையும் அவையின் கண்முன் நிறுத்தினார்.

சோறும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் இருப்பது தமிழ் நிலத்துக்குப் புதிதல்ல. 11-ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. வைத்தியர், சல்லியக்கிரியை (அறுவை மருத்துவம்) செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆகியோருக்கான ஊதியத்தோடு, படுத்திருப்பவருக்கு அளக்கும் அரிசியையும் அது கணக்கிடுகிறது. ஆனால் அந்தச் சாலை கோயிலைச் சார்ந்த மாணவருக்கும் ஊழியருக்கும் உரியது. வழிப்போக்கரான ஏழைக்குச் சத்திரம் உண்டு, சாலையில் படுக்கை இல்லை. இரண்டையும் முதலில் சேர்த்தது கஞ்சித்தொட்டி என்று சொல்லத் துணிகிறேன்.

அண்டர்வுட் மருத்துவமனை தொடங்கிய அதே 1799-இல் ஹைதரின் மகன் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மடிந்தார். பத்து ஆண்டு கழித்து, 1809-இல், கும்பெனி தன் பாளையத்தைப் பெங்களூருக்கு மாற்றியது. சென்னைப் படையோடு தமிழர்களும் மேலே ஏறினார்கள்: சிப்பாய்கள், சலவைக்காரர்கள், கொத்தர்கள், சமையற்காரர்கள், வணிகர்கள். அல்சூரும் இன்றைய சிவாஜிநகரும் அவர்கள் ஊராயின. தர்மாஸ்பத்திரி என்ற சொல்லும் அவர்கள் மூட்டையில் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1868-இல், மைசூர் ஆணையர் லெவின் பெந்தம் பௌரிங் காலத்தில், அவர் பெயரில் மருத்துவமனை எழுந்தது. பாரீசின் லாரிபோசியேர் மருத்துவமனையை ஒட்டிய அமைப்பு. பிரிவுகளைத் தனித்தனிக் கட்டடங்களாக விலக்கி, நடுவே காற்று ஓட விடும் முறை. சந்தாதாரர் குழு இல்லாமலேயே அரசு கட்டியதால், பெங்களூரில் ஏழையின் மருத்துவமனை தொடக்கத்திலேயே அரசின் கடமையாகக் காலூன்றியது. அந்தக் கடமைக்குச் சோதனையும் விரைவில் வந்தது. 1871-இல் 50 லட்சத்துக்கு மேல் இருந்த மைசூர் நாட்டு மக்கள்தொகை, 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு 1881-இல் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் சென்னை வாசலில் நின்ற கூட்டம் இப்போது பெங்களூர் வாசலில்.

பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளில், 1886-இல், நல்லாயன் சபைக் கன்னியர் செயிண்ட் மார்த்தா மருத்துவமனையை நிறுவினார்கள். 1897 ஜூன் 22 அன்று, விக்டோரியா அரசியின் வைர விழாவையொட்டி, ஆட்சிப் பொறுப்பிலிருந்த மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி, பெங்களூரின் பழைய நகரான பேட்டைக்குத் தெற்கே விக்டோரியா மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். அது கட்டி முடியும் முன்பே, 1898 ஆகஸ்டில், பிளேக் நகருக்குள் வந்துவிட்டது. ஈழவர் என்பதால் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்ட டாக்டர் பல்பு அந்நாட்களில் பெங்களூரின் பிளேக் முகாமில் பணியாற்றினார். சாதி சொல்லித் திருப்பியனுப்பப்பட்டவர் இங்கே, சொந்தக்காரரே தொடப் பயந்த உடல்களுக்கு மருத்துவம் பார்த்தார். விக்டோரியா மருத்துவமனையை வைஸ்ராய் கர்சன் 1900 டிசம்பர் 8 அன்று திறந்துவைத்தார்.

சென்னையின் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியை அரசு 1910-இல் ஏற்றுக்கொண்டது. ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரோடு 1938-இல் அது மருத்துவக் கல்லூரியாயிற்று. மருத்துவமனை பிரிந்து வளர்ந்த பிறகும் சத்திரம் கலைந்துவிடவில்லை. ஸ்டான்லியின் பக்கத்திலேயே, பழைய வண்ணாரப்பேட்டையில், ஆதரவற்ற முதியோர் இல்லமாக அதே பெயரில் இயங்குகிறது. அங்கே வேளைக்குச் சாப்பாடு போடுகிறார்கள்.