முஸ்லிம் காங்கிரஸ் பிளவு
ஸ்தாபகத் தலைவர் எம். எச். எம். அஷ்ரஃப் 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தபின், தலைமைப் போட்டியால் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் பல கட்சிகளாகப் பிரிந்தமை. இணைத்தலைவர்களாயிருந்த ரவூப் ஹக்கீமும் அஷ்ரஃபின் மனைவி பேரியலும் முதலில் முரண்பட்டனர். பேரியல் 'நுஆ' (தேசிய ஐக்கிய முன்னணி) கட்சிக்குத் தலைமையேற்றார். அக்கரைப்பற்றைத் தளமாகக் கொண்ட ஏ. எல். எம். அதாஉல்லாவும் பின்னர் பிரிந்து தேசிய காங்கிரஸை வழிநடத்தினார். கிழக்குக்கு வெளியிலிருந்து வந்த ஹக்கீமின் தலைமைமீதான அதிருப்தியே பிளவுக்குக் காரணம் என வாதிடுவோர் உண்டு. அது ஓரளவே பொருந்தும். பிரிந்தோரிடையே கொள்கை வேறுபாடு சிறிது. கொழும்பில் எந்த அரசுடன் சேர்வது என்பதே பெரும் பிணக்கு. விகிதாசாரத் தேர்தல் முறையில் சில ஆசனங்களே அமைச்சுப் பதவிக்குப் பேரம்பேசும் பலமாவதால், தனித்துப் போவதில் இழப்பும் குறைவு. மரச் சின்னத்தில் ஒன்றாக வாக்குக் கேட்டவர்கள், திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தில் மரம், தேசிய காங்கிரஸின் குதிரை எனச் சின்னங்களால் பிரிந்து எதிரெதிரே நின்றனர்.